அந்த வெளிச்சம் பறவைக்கு இல்லை

போன கார்த்திகையில் ஒருநாள் இரவு 2.17-க்கு என் போன் அதிர்ந்தது. 'வீட்டின் பின்புறம்: மனித நடமாட்டம்' என்று நோட்டிஃபிகேஷன். கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் அம்மாவும் அப்பாவும் மட்டும்தான். நான் பெங்களூரில். எங்கள் தெருவில் இரண்டு வீடுகளில் திருட்டு நடந்த பிறகு, நானே போய் நின்று நான்கு கேமராக்களை மாட்டிவிட்டு வந்திருந்தேன். நெஞ்சு படபடக்க ஆப்பைத் திறந்தேன். மனிதர் யாரும் இல்லை. துவைக்கிற கல்லின்மேல் வெள்ளையாக, உருண்டையாக ஏதோ ஒன்று உட்கார்ந்திருந்தது. அது தலையை முழுசாகத் திருப்பி என்னைப் பார்த்தது. கண்கள் இரண்டும் மோட்டார் பைக் ஹெட்லைட் மாதிரி எரிந்தன. பின்னால் வேப்பமரத்தின் தாழ்ந்த கிளை, கரிசல் காட்டில் பனி பெய்துவிட்டதுபோல வெளுத்துக் கிடந்தது. சில நொடிகள்தான். பிறகு கல் மட்டும் இருந்தது.

கூகை என்று நினைத்துக்கொண்டேன். வெள்ளை ஆந்தை என்றால் கூகைதானே. காலையில் அம்மாவிடம் சொன்னபோது சிரித்தாள்.

"அது கூகை இல்லய்யா. நம்ம வேம்புல கெடக்குற ஆந்தை. பகல்லயே பொந்துலருந்து எட்டிப் பாக்கும். ஒடம்பு பூரா புள்ளி புள்ளியா இருக்கும்லா."

"புள்ளியே இல்லம்மா. வெள்ளையா இருந்துச்சு."

"அப்ப ஒன் கேமராவுக்குத்தான் கண்ணு செரியில்ல."

அம்மா சொன்னது சரி. அது புள்ளி ஆந்தை. தவிட்டு நிற உடம்பில் வெள்ளைப் புள்ளிகள், ஒரு சாண் உயரம். கூகை அதைவிட நன்றாகவே பெரியது. ஆனால் இரவுக் கேமராவில் நிறமும் இல்லை, அளவும் பிடிபடவில்லை. கடந்த இரண்டு வருடங்களாக இரவில் பறவைகளைப் படம்பிடித்த காட்சிகளைத் தேடித் தேடிப் பார்த்து வருகிறேன். பெரிய ஆவணப்படங்கள், கூட்டில் பொருத்திய நேரலைக் கேமராக்கள், ஆய்வுக்கூடப் பதிவுகள் எல்லாம். 'கண்ணு செரியில்ல' என்ற அந்த ஒரு வரிக்குப் பிறகுதான், இவற்றில் எது நல்ல படம், எது வெறும் வித்தை என்று பிரித்துப் பார்க்க எனக்கு ஒரு அளவுகோல் கிடைத்தது. இந்தக் கட்டுரை அதைப் பற்றி.

*

'நைட் விஷன்' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். உண்மையில் அதற்குள் ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத பல கருவிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரே பறவையை வேறுவேறு பறவையாக ஆக்கிக் காட்டும்.

எங்கள் வீட்டில் இருப்பது மிகச் சாதாரண வகை. சிவப்பு நிறத்துக்கு அடுத்து, நம் கண்ணுக்கு எட்டாத அகச்சிவப்பு ஒளியை உமிழும் சின்ன விளக்குகள் லென்ஸைச் சுற்றி இருக்கும். பெரும்பாலும் 850 அல்லது 940 நானோமீட்டர் அலைநீளம். கேமராவின் சிலிக்கான் சென்சாருக்கு இந்த ஒளி இயல்பாகவே தெரியும். பகலில் அது நிறங்களைக் கெடுத்துவிடும் என்பதால் ஒரு வடிகட்டிக் கண்ணாடியை வைத்து மறைத்திருப்பார்கள். இருட்டியதும் 'டிக்' என்று ஒரு சத்தத்தோடு அந்தக் கண்ணாடி விலகும், விளக்குகள் எரியும். அவ்வளவுதான் விஷயம். இருட்டைத் துளைத்துப் பார்க்கும் மந்திரம் எதுவும் இல்லை. கேமராவுக்கு மட்டும் தெரிகிற ஒரு டார்ச் லைட்.

அந்த டார்ச் வெளிச்சத்தில் உலகம் வேறு கணக்கில் இயங்குகிறது. இலைகள் அகச்சிவப்பை ஏராளமாகத் திருப்பி அனுப்பும். அதனால்தான் வேப்பங்கிளையில் பனி. பறவை இறகுகளின் மஞ்சளையும் சிவப்பையும் தரும் கரோட்டின் வகை நிறமிகள் இந்த அலைநீளத்தில் எதையும் விழுங்குவதில்லை. ஆகவே அந்த நிறங்கள் வெளுத்துவிடும். பழுப்புக்கும் கறுப்புக்கும் காரணமான மெலனின்கூட இங்கே பிடி தளர்ந்துபோகும். ஆந்தையின் தவிட்டு நிறம் வெளிற, அதன்மேல் இருந்த வெள்ளைப் புள்ளிகள் பின்னணியோடு கரைந்துவிட்டன. கண்கள்? அவை எரியவில்லை. விளக்கும் லென்ஸும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால், நம் விளக்கொளி பாவைக்குள் நுழைந்து விழியின் பின்சுவரில் பட்டு வந்த வழியே திரும்புகிறது. நான் பார்த்த அந்த 'பேய் முழி' என்னுடைய விளக்கின் பிரதிபலிப்பு.

இது எனக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்த விஷயம்தான். ஆனால் உறைத்தது வேறொரு இரவில். வேலை முடியாமல் விழித்திருந்தவன், தூக்கம் வராமல் ஆப்பைத் திறந்து பார்த்தேன். அம்மா புழக்கடையில் நடந்து போய்க்கொண்டிருந்தாள். கேமராவுக்கு நேர் கீழே வந்தபோது ஏதோ சத்தம் கேட்டு நிமிர்ந்து பார்த்தாள். நெற்றி வெறுமையாக இருந்தது. நாலணா அளவுக்கு அம்மா வைக்கும் குங்குமம் இல்லை.

அந்த ஒரு நொடியில் என் மனம் எங்கெல்லாம் போய் வந்தது என்று எழுத மாட்டேன். தமிழில் படிப்பவர்களுக்குச் சொல்லத் தேவையும் இல்லை. உடனே போன் போட்டேன். நாலாவது மணியில் எடுத்தாள். "என்னய்யா இந்நேரத்துல?" பின்னால் அப்பாவின் குறட்டை கேட்டது. "ஒண்ணுமில்லம்மா, சும்மா" என்றேன். குங்குமம் இருந்த இடத்தில்தான் இருந்தது. சிவப்பு அங்கே சிவப்பாக இல்லை, தோலைப் போலவே அதுவும் ஒளியைத் திருப்பி அனுப்பிவிட்டது. இயற்பியல் தெரிந்த எஞ்சினியர்தான் நான். இருந்தும் படம் சொன்னதை நம்பினேன். படங்களுக்கு அந்த அதிகாரம் இருக்கிறது.

இரவுப் பறவைகளைக் காட்டும் படங்களை நான் விமர்சிப்பது இங்கிருந்துதான். படத்தில் தெரிகிற வெளிச்சம் அந்தப் பறவைக்கு இல்லை. நம்முடைய வசதிக்காக நாம் கொண்டுவந்து ஊற்றிய வெளிச்சம் அது. ஒரு படம் இதைப் பார்வையாளன் மறக்காமல் வைத்திருக்கிறதா, அல்லது மறக்கடிக்கிறதா?

*

2020-ஆம் ஆண்டு இரவுக்கு நல்ல காலம். ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸில் 'நைட் ஆன் எர்த்' வந்தது. டிசம்பரில் ஆப்பிளில் 'எர்த் அட் நைட் இன் கலர்'. இரண்டுமே இதுவரை யாரும் பார்க்காத இரவைக் காட்டுவதாகச் சொல்லிக்கொண்டு வந்தவை. இரண்டாவது தொடரின் தலைப்பிலேயே வண்ணம் இருக்கிறது. அகச்சிவப்பு விளக்கு இல்லாமல், நிலவொளியைக்கொண்டே வண்ணத்தில் படம்பிடிக்கிற அளவுக்குச் சென்சார்கள் வளர்ந்துவிட்டன என்பதன் கொண்டாட்டம் அது.

அந்தத் தொழில்நுட்பத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். நிலவொளி என்பது நிலவில் பட்டுத் திரும்பும் சூரிய ஒளிதான். அதில் எல்லா நிறங்களும் இருக்கின்றன. மங்கிய ஒளியில் வேலை செய்யும் நம் விழிச்செல்களுக்கு நிறம் பிரிக்கத் தெரியாததால்தான் நமக்கு இரவு சாம்பலாக இருக்கிறது. நம் பழைய சினிமாக்கள் இரவு என்றால் நீல ஃபில்டர் போட்டதும், பகலிலேயே எடுத்து இருட்டாக்கியதும் இந்தக் குறையை ஈடுகட்டத்தான். ஆகவே வண்ணத்தில் இரவைக் காட்டுவது பொய் என்று சொல்ல முடியாது. ஒளியைப் பொறுத்தவரை அதுதான் உண்மைக்கு நெருக்கம். எங்கள் வீட்டுக் கேமராவைவிட நூறு மடங்கு நேர்மையானது.

எனக்கு இருக்கும் புகார் வேறு. இந்த வகைப் படங்களில் இரவு என்பது நட்சத்திரம் முளைத்த பகலாக ஆகிவிடுகிறது. ஃபிரேமின் மூலைவரை எல்லாம் துல்லியமாகத் தெரிகிறது. வேட்டையாடுவது எங்கே, இரை எங்கே, நடுவில் எத்தனை அடி என்று நமக்குத் தெரியும். அவற்றுக்கும் அப்படியே தெரியும் என்று நம்மை அறியாமல் எடுத்துக்கொள்கிறோம். பிறகு அவை தயங்கும்போது நமக்குப் பொறுமை போகிறது. எடிட்டருக்கும் போகிறது. வெட்டிவிடுகிறார்.

ஆந்தைக்கு இதனால் பெரிய அநியாயம் நடக்கிறது. கிளையில் அசையாமல் நெடுநேரம் உட்கார்ந்திருப்பதுதான் ஆந்தையின் வேலை. அந்த நேரம் முழுக்க அது கேட்டுக்கொண்டிருக்கிறது. வெளிச்சமான படத்தில் கேட்பதைக் காட்ட வழியில்லை. பார்ப்பதை மட்டும்தான் காட்ட முடியும். எனவே முகத்தின் குளோசப், அகலத் திறந்த கண்கள், பாய்ச்சல். இதில் பாய்ச்சலுக்கு 'உஷ்ஷ்' என்று ஒலிக்கூடத்தில் ஒரு சத்தம் வேறு சேர்ப்பார்கள். சத்தமில்லாமல் பறப்பதற்கென்றே இறகின் விளிம்பைச் சீப்புப் பல்லாக மாற்றிக்கொண்ட ஒரு பறவைக்கு!

ஆந்தைக்கு இருட்டில் பட்டப்பகல்போலக் கண் தெரியும் என்பது பரவலான நம்பிக்கை. பிரிட்டனின் டானி ஆந்தையை வைத்து கிரஹாம் மார்ட்டின் 1977-இல் வெளியிட்ட ஆய்வில், அதன் கண் மங்கிய ஒளியை உணரும் திறன் மனிதக் கண்ணைவிடச் சுமார் இரண்டு மடங்குதான் அதிகம் என்று தெரியவந்தது. ஆளுக்கு ஆள் இருக்கும் வித்தியாசத்தைக் கணக்கில் எடுத்தால் அது பெரிய இடைவெளியே இல்லை. அப்படியானால் அடர்ந்த காட்டுக்குள் மேகம் மூடிய இரவில் அது எப்படிப் பறக்கிறது? தன் இடத்தை மனப்பாடமாக வைத்திருப்பதால் என்பது மார்ட்டினின் வாதம். டானி ஆந்தை வருடக்கணக்கில் ஒரே எல்லைக்குள் வாழும் பறவை. எந்தக் கிளை எங்கே நீண்டிருக்கிறது என்று அதற்குத் தெரியும். வெளிச்சம் ஊற்றிய படத்தில் இந்த மனப்பாடம் அடியோடு மறைந்துபோகிறது. பார்த்துப் பறப்பது யாருக்கும் கைவரும். பார்க்காமல் பறப்பதுதான் அங்கே நடக்கும் அதிசயம்.

*

இதற்கு நேர்மாறான ஒரு படத்தை, சினிமா ஆட்கள் யாரும் எடுக்கவில்லை. எடுத்தவர் ராஜர் பெய்ன். திமிங்கிலங்களின் பாடலை 1970-இல் இசைத்தட்டாக உலகுக்குக் கொண்டுவந்த அதே பெய்ன். அதற்கு முன்பு அவர் கூகைகளோடு இருட்டறையில் உட்கார்ந்திருந்தார்.

பெய்னுக்கும் முந்தைய ஒரு வேடிக்கையை இங்கே சொல்ல வேண்டும். 1934-இல் பிரிட்டனில் ஒருவர், ஆந்தைகள் எலியின் உடம்பிலிருந்து வரும் அகச்சிவப்பைப் பார்த்தே வேட்டையாடுகின்றன என்று ஆய்வுக் கட்டுரை எழுதினார். அதாவது ஆந்தையே ஒரு அகச்சிவப்புக் கேமரா! ஹெக்ட், பிரென் என்ற இருவர் 1940-இல் ஆந்தையின் பாவை எந்த ஒளிக்குச் சுருங்குகிறது என்று சோதித்து, அப்படி எதுவும் இல்லை என்று நிறுவினார்கள். அகச்சிவப்பு ஆந்தைக்கும் இருட்டுதான்.

இதையே பெய்ன் தனக்கு வசதியாக்கிக்கொண்டார். துளி வெளிச்சமும் புகாத அறை, தரையில் காய்ந்த இலைகள், ஒரு எலி, பரணில் ஒரு கூகை. கூகைக்கும் எலிக்கும் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் அவர் பார்த்தார், படம் எடுத்தார். எலி இலையில் அசைந்ததும் கூகை பாய்ந்து பிடித்தது. 1971-இல் வெளியான அவருடைய ஆய்வின்படி, மேல்-கீழ், இடம்-வலம் இரண்டிலுமே ஒரு டிகிரிக்கும் குறைவான பிழையோடு, காதை மட்டும் வைத்து. இந்த வகைச் சோதனைகளில் ஒன்றில், எலியின் பின்னால் சரசரக்கும் காகிதத்தை இழுபட விட்டபோது கூகை காகிதத்தின்மேல் பாய்ந்தது. வாசனையும் இல்லை, உடல் வெப்பமும் இல்லை, சத்தம்தான் என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமா?

ஆனால் என்னை நிறுத்திவைத்தது வேறொரு விவரம். வெளிச்சத்தில் இரையை நோக்கி வரும் கூகை, கால்களை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு வழுக்கி வரும். முழு இருட்டில் அப்படி வராது. மெதுவாக, விடாமல் சிறகடித்துக்கொண்டு, கால்களைக் கீழே தொங்கவிட்டு ஊசல்போல முன்னும் பின்னும் ஆட்டியபடி வரும். தெரியாத அறைக்குள் நாம் கையை நீட்டித் துழாவிக்கொண்டு போவதுபோல. எதன்மீதாவது மோதினால் முதலில் கால் படட்டும் என்று.

பெய்னின் படம் இருட்டை அழிக்கவில்லை. இருட்டு அந்தப் பறவையின் உடம்பில் என்ன செய்கிறது என்று காட்டியது. தொங்கும் அந்தக் கால்களைப் பற்றி அறிந்த பிறகு, கோடிக்கணக்கில் செலவழித்து எடுத்த பாய்ச்சல் காட்சிகளைப் பார்க்கும்போது என் கண் தானாகக் காலுக்குப் போகிறது. ஒட்டியிருந்தால், அதற்குக் கொஞ்சமாவது வெளிச்சம் இருந்திருக்கிறது என்று ஊகிக்கிறேன்.

*

அகச்சிவப்பில் நான் பார்த்த மிக நீண்ட படத்துக்கு இயக்குனர் கிடையாது. கலிஃபோர்னியாவின் சான் பெர்னார்டினோ மலையில், பிக் பேர் ஏரிக்குப் பக்கத்தில், ஒரு ஜெஃப்ரி பைன் மரத்தின் மேல் சுமார் 145 அடி உயரத்தில் இருக்கும் வெண்தலைக் கழுகுக் கூடு. ஜாக்கி என்ற பெட்டை, ஷேடோ என்ற ஆண். ஒரு தன்னார்வ அமைப்பு நாள் முழுக்க நேரலையாகக் காட்டுகிறது. அங்கே நள்ளிரவு என்றால் எனக்கு மத்தியானம். ஆகவே இந்தக் கழுகுகளை நான் பெரும்பாலும் இரவில்தான், அதாவது என் ஆபீஸ் நேரத்தில்தான், இரண்டாவது மானிட்டரில் பார்த்திருக்கிறேன். எனக்கு அவை சாம்பல் நிறப் பறவைகள்.

இந்தப் படத்தில் பெரும்பாலும் ஒன்றும் நடப்பதில்லை. ஒரு கழுகு உட்கார்ந்திருக்கும், காற்று அடிக்கும், எழுந்து முட்டையைப் புரட்டிவிட்டு மறுபடி உட்காரும். ஆனால் நாள்கணக்கில் பார்த்தால் மெல்ல ஒன்று பிடிபடும். இது கண் தெரியாமல் செய்யும் வேலை. பகலில் முட்டையைப் பார்த்துக் குனிகிற அலகு, இரவில் தொட்டுத் தொட்டுத் தேடிக் குனிகிறது. பறக்கும் அணில் ஒன்று கூட்டின் விளிம்பில் வந்து உட்காரும். நமக்கு அது பளிச்சென்று தெரியும், கண் வேறு எரியும். ஒரு முழம் தள்ளியிருக்கும் கழுகு சும்மா இருக்கும். பிறகு அணில் அசைய, திடுக்கிட்டுத் திரும்பும். ஃபுளோரிடாவின் ஃபோர்ட் மையர்ஸ் கூட்டுக் கேமராவில் இதைவிடக் கொடுமையான காட்சிகள் பதிவாகியிருக்கின்றன. கிளையில் தூங்கும் கழுகை, இருட்டிலிருந்து கொம்பன் ஆந்தை வந்து அடித்துத் தள்ளிவிட்டுப் போகும். வானத்தின் ராஜா என்று நாணயத்தில் போட்ட பறவை, இரவில் தன்னைவிடச் சிறிய ஒன்றிடம் அடிவாங்குகிறது. கூத்தில் கட்டியக்காரனுக்கும் நமக்கும் தெரிந்தது ராஜாவுக்குத் தெரியாதே, அதே நிலைமை. நமக்குத் தெரிகிறது, அதற்குத் தெரியவில்லை என்ற அந்த இடைவெளியை இந்த அசையாத கேமரா மறைப்பதே இல்லை.

2024-இல் ஜாக்கி மூன்று முட்டைகளை இட்டு, நாள் கடந்தும் அடைகாத்தாள். ஒன்றும் பொரிக்கவில்லை. 2025 மார்ச் 3, 4, 8 தேதிகளில் மூன்று குஞ்சுகள் வந்தன. மார்ச் 13 இரவு பனிப்புயல். எங்களுக்கு மார்ச் 14, ஹோலி. ஆபீஸில் பாதிப் பேர் இல்லை. மானிட்டரில் பனி பெய்தது. லென்ஸுக்குப் பக்கத்தில் விழும் துகள்கள் விளக்கொளியில் வெள்ளைக் கோடுகளாகக் கிழித்துக்கொண்டு போயின. அதற்குப் பின்னால் இறகு விரித்து அமர்ந்திருந்த ஒரு திட்டு. குஞ்சுகள் அடியில் எங்கோ. எனக்கு ஒரு ஸ்டேட்டஸ் மீட்டிங் இருந்தது. போனேன், வந்தேன், அதே திட்டு. புயல் ஓய்ந்தபோது மூன்றில் இரண்டு குஞ்சுகளே இருந்தன.

நான் அந்த இரவின் பெரும்பகுதியைப் பார்த்தேன். எதையும் பார்க்கவில்லை. குஞ்சு இறந்தது என் கண் முன்னால், ஒரு இறகுக்கு அடியில். இயற்கைத் தொடர் எதுவும் இதை இப்படி விட்டிருக்காது. இசை வந்திருக்கும், தாயின் கண்ணுக்கு குளோசப் வந்திருக்கும், 'இயற்கை இரக்கமற்றது' என்று ஒரு கனத்த குரல் சொல்லியிருக்கும். இங்கே ஒரு சாம்பல் திட்டும் வெள்ளைக் கோடுகளும் மட்டும். இறகின்மேல் பட்டுத் திரும்பிவிடும் ஒளி, இறகுக்கு அடியில் போகாது. அந்த எல்லையைக் கேமரா அப்படியே ஒத்துக்கொண்டது.

இந்த வகைப் படத்திலும் கோளாறு இல்லாமல் இல்லை. பெயர் வைத்த உடனேயே நாம் மெகா சீரியல் பார்க்க ஆரம்பித்துவிடுகிறோம். ஜாக்கி கோபக்காரி, ஷேடோ பாவம் என்றெல்லாம் நானே அலுவலக நண்பரிடம் பேசியிருக்கிறேன். ஆனால் அது நாம் ஒட்டவைப்பது. படத்தில் அது இல்லை. அணைத்துவிட்டுப் பார்க்க முடியும்.

*

வெப்பக் கேமரா முற்றிலும் வேறு வகை. அதற்கு விளக்கே வேண்டாம். சுமார் 8 முதல் 14 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் பொருட்கள் தாமாகவே உமிழும் வெப்பக் கதிரை அது வாங்கிக்கொள்கிறது. கண்ணாடி இந்தக் கதிரை விடாது என்பதால் லென்ஸையே ஜெர்மேனியம் போன்ற வேறு பொருளில்தான் செய்ய வேண்டும். இதில் பறவை எப்படித் தெரியும்? முழு உருவமும் தீப்பந்தாக எரியும் என்றுதான் நானும் எதிர்பார்த்தேன். பறவையின் உடல்சூடு நம்முடையதைவிட அதிகமாயிற்றே. ஆனால் நல்ல வெப்பப் படத்தில் ஆந்தை என்பது கிட்டத்தட்ட இருண்ட உடம்பும், ஒளிரும் முகமும்தான். இறகு சூட்டை வெளியே விடுவதில்லை. கண்ணும் அலகும் காலும்தான் விடுகின்றன.

பேரரசப் பென்குயின்களை அண்டார்க்டிகாவின் அடெலி நிலத்தில் இப்படிப் படமெடுத்தவர்கள் 2013-இல் வெளியிட்ட முடிவு இன்னும் விசித்திரம். அவற்றின் இறகுப் பரப்பு சுற்றியிருந்த காற்றைவிட 4 முதல் 6 டிகிரி குளிர்ச்சியாக இருந்தது. தெளிந்த வானத்தை நோக்கி அது வெப்பத்தை உமிழ்ந்து தன்னைச் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடுகிறது. உள்ளே ஒரு உயிர் கதகதவென்று இருக்க, வெளியே பனிக்கட்டியைவிடக் குளிர்ந்த கோட்டு. அதாவது வெப்பக் கேமரா காட்டுவது பறவையின் வெப்பத்தை அல்ல, பறவை தக்கவைக்க முடியாமல் இழந்த வெப்பத்தை. எவ்வளவு நன்றாகப் போர்த்தியிருக்கிறதோ அவ்வளவு குறைவாகத் தெரியும்.

இந்தப் படங்களில் வரும் ஊதா, ஆரஞ்சு, மஞ்சள் எல்லாம் மென்பொருள் பூசியவை. எண்களை நிறங்களாக மாற்றும் ஒரு அட்டவணை, அவ்வளவுதான். என் வேலையில் இதுபோன்ற அட்டவணைகளை நானே எழுதியிருக்கிறேன். தவிர, ஃபிரேமில் இருக்கும் அதிகபட்ச, குறைந்தபட்ச வெப்பத்துக்கேற்பக் கேமரா தானாகவே ஒளியைச் சரிசெய்துகொள்ளும். பக்கத்தில் ஒரு டீ கிளாஸை வைத்தால் அதே பறவை மங்கிப்போகும். 'வெப்பத்தில் ஜொலிக்கும் பறவை' என்ற வர்ணனையைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வருவது இதனால்தான்.

ரிச்சர்ட் மோஸ் என்ற அயர்லாந்துக் கலைஞர், ராணுவ வகை வெப்பக் கேமரா ஒன்றால் அகதிகளைப் படமெடுத்து 2017-இல் லண்டன் பார்பிகனில் 'இன்கமிங்' என்ற படைப்பாகத் திரையிட்டார். 30 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் மனித உடலையும் கண்டுபிடிக்கும் கருவி அது. முகம் அழிந்து, தோல் வேறு ஏதோ பொருளாக மாறி, தெரியாமல் பார்க்கப்படும் மனிதர்கள். அந்தப் படங்கள் மனிதரை மனிதராகக் காட்டவில்லை என்று சிலர் கோபப்பட்டார்கள். அந்தக் கருவி எல்லைகளில் என்ன செய்கிறது என்பதைத்தான் அவர் காட்டினார் என்று சிலர் வாதிட்டார்கள். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. பறவையை அதே மாதிரிக் காட்டும்போது மட்டும் நமக்குக் கேள்வியே வருவதில்லை. அழகாக இருக்கிறது என்கிறோம். பறவைக்குத் தொந்தரவு இல்லை, அதற்கு அகச்சிவப்பு தெரியாது என்பது எப்போதும் சொல்லப்படும் சமாதானம். உண்மையும்கூட. ஃபிளாஷ் அடித்து ஆந்தையைக் கூசச் செய்வதோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல். ஆனால் தொந்தரவு இல்லை என்பதோடு கணக்கு முடிந்துவிடுகிறதா என்பதில் எனக்கு இப்போது பழைய உறுதி இல்லை.

*

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது பார்த்தேன், பின்புறக் கேமராவின்மேல் ஒரு ஈரிழைத் துண்டு தொங்கியது. காற்றில் பறந்துவந்து மாட்டியது என்று நினைத்து எடுக்கப் போனேன்.

"அத எடுக்காதய்யா. நாந்தான் போட்டேன்."

"ஏம்மா?"

"ராத்திரி கொல்லைக்குப் போகையில செவப்பு செவப்பா வட்டமா முழிச்சுக்கிட்டு நிக்கி. ஒரு மாதிரியா இருக்கு."

850 நானோமீட்டர் விளக்குகளில் அந்த மங்கிய சிவப்பு நம் கண்ணுக்குத் தெரியும். 940 வாங்கி மாட்டினால் சுத்தமாகத் தெரியாது, மாற்றித் தருகிறேன் என்றேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. முறத்தில் உளுந்தைப் புடைத்துக்கொண்டிருந்தாள்.

"தெரியாமப் போச்சுன்னா மட்டும் நீ பாக்காமயா இருப்ப? நீ பாக்குறது எனக்குத் தெரியும். எப்ப பாக்குறன்னுதான் தெரியல."

அன்றிரவு திண்ணையில் படுத்திருந்தேன். அம்மா எழுந்து போனாள். லைட்டைப் போடவில்லை. தூண், உரல், ஆட்டுக்கல், படி இறக்கம் எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டு, எதிலும் இடிக்காமல், வேகம் குறையாமல் நடந்து போய் வந்தாள். அந்த வீட்டில் அவளுக்கு 41 வருஷம். கேமராவில் இதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஏதோ வெளிச்சத்தில் ஒருத்தி நடப்பதாகவே அப்போதெல்லாம் மனதில் பட்டிருக்கிறது. அவள் இருட்டில் நடக்கிறாள் என்பது இருட்டில் படுத்திருந்தபோதுதான் தெரிந்தது.

மறுநாள் அந்தக் கேமராவைக் கழற்றி, வெளி கேட்டைப் பார்த்து மாட்டினேன். புழக்கடை இப்போது என் ஆப்பில் இல்லை. துவைக்கிற கல்லும் இல்லை, வேப்பங்கிளையும் இல்லை, ஆந்தையும் இல்லை.

போன வாரம் போனில் பேசும்போது அம்மா சொன்னாள்.

"ஒன் கூகை நேத்தும் வந்துச்சு."

"இருட்டுல எப்படிம்மா தெரியும்?"

"சத்தம் கேட்டுச்சுல்லா."